மனச்சோர்வு மாத்திரை: முதல் இரண்டு வாரத்தில் செய்யக்கூடாதவை

பாலக்கோட்டில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். போன வாரம் ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளி விவசாயி ஒருவர் எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை அட்டையைக் கல்லாமேல் போட்டார். பத்தில் மூன்றுதான் பிரிந்திருந்தது. "தம்பி, இது ஒத்துக்கல. போட்டதுல இருந்து படபடப்புதான் கூடுது. டாக்டர்கிட்ட சொல்லிடாத." கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

நிறுத்திவிட்டு மறைப்பது

மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான செரட்டோனினில் மாற்றம் தொடங்கிவிடும். மனசு தேறுவதற்கோ 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நடுவில் குமட்டல், தூக்கமின்மை, சிடுசிடுப்பு, பதற்றம் எல்லாம் வரலாம். பலருக்கு ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும்.

இதெல்லாம் விற்கிற எனக்குத் தெரியும். இருந்தும் 2015-ல் நானே கோட்டை விட்டேன். எனக்கு இதே மாத்திரையை முதல் வாரம் 5 மி.கி., பிறகு 10 என்று தருமபுரி டாக்டர் எழுதியிருந்தார். நாலாம் நாள் மனைவி டம்ளர் வைத்த சத்தத்துக்கே எரிந்து விழுந்தேன். மாமனார், "அது பைத்தியத்துக்குக் கொடுக்கறது மாப்ள, பழகிடும்" என்றார். (பழகிடும் என்பது தப்பு, இது போதை மாத்திரை இல்லை.) நிறுத்திவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து டாக்டர், "தவறாம சாப்பிடறீங்களா?" என்றார். "ஆமா சார்." "அப்பவும் குறையலையா?" என்று 20 எழுதினார். அவர் கணக்கில் தப்பில்லை, நான் சொன்னதுதான் பொய். பயந்துபோய் அன்றைக்கே 20-ஐ முழுங்கினேன். மூன்று ராத்திரி தூக்கமில்லை. கால் ஓரிடத்தில் நிற்காமல் திண்ணைக்கும் தெருவுக்கும் நடந்தேன். செத்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. மனைவி போன் போட்டதும் டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "பழைய மாத்திரை எவ்வளவு மிச்சம் இருக்கு?" 5 மி.கி.யில் மூன்று, 10 மி.கி. அட்டைகள் பிரிக்காமல் அப்படியே. மறுபடி 5-லிருந்து தொடங்கினோம்.

தூக்கம் கெட்டால்

காலையில் போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

குடி

வேண்டாம்.

திடீர் உற்சாகம்

மூன்று மணி நேரத் தூக்கத்திலும் களைப்பே இல்லை, பேச்சும் செலவும் கட்டுக்கடங்கவில்லை என்றால் 'குணமாயிடுச்சு' என்று கொண்டாடாதீர்கள். சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களை இந்த மாத்திரை அப்படித் தூக்கிவிடக்கூடும். அன்றே சொல்லுங்கள்.

இளவயதினரைத் தனியே விடுவது

இந்த வகை மாத்திரைகளால் சிறுவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004-ல் எச்சரித்தது. 2007-ல் அதை 24 வயதுவரை நீட்டியது. தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் வீட்டார் கூடவே இருக்க வேண்டும். எந்த வயதானாலும் அந்த எண்ணம் வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் எடுப்பார்கள்.

விவசாயியின் சீட்டில் இருந்த எண்ணுக்கு நானே அடித்துப் போனை அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மூணு நாள்தான் போட்டேன் சார்" என்றார்.