இருவராக மலையேறி ஓர் இரவு தங்க: எதைப் பங்கிடலாம், எதைப் பங்கிடக் கூடாது

தனியாக மலைக்குப் போகிறவர் எல்லாவற்றையும் தானே எடுத்துவைப்பார். பத்துப் பேர் போனால் ஒருவர் மறந்தது இன்னொருவர் பையில் இருக்கும். இரண்டு பேர் போகும்போதுதான் "அவன் எடுத்திருப்பான்" என்று இருவருமே நினைத்துவிட்டு, ஸ்டவ்வும் சாமானும் இருக்க, லைட்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்க நேரும். எனவே என்னென்ன வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் எது பொது, எது ஆளுக்கொன்று என்று பேசி முடித்துவிடுங்கள்.

இதற்கு ஒரே கேள்வி போதும்: வழியில் பிரிந்துபோனால் ஒவ்வொருவரும் அந்த இரவைத் தனியே தாங்க முடியுமா? முடிய வேண்டுமானால் ஹெட்லாம்ப், மழைக்கோட்டு, குளிருக்கு ஒரு மேலாடை, தண்ணீர் பாட்டில், விசில், லைட்டர், ஒரு வேளைச் சாப்பாடு, வழி வரைபடம் ஆகியவை ஆளுக்கொன்று இருக்க வேண்டும். இவற்றோடு உடம்பைச் சுற்றிக்கொள்ளும் அலுமினியத் தாள் பை ஒன்றும் சேரட்டும். கைக்குள் அடங்கும், எடை தெரியாது. டென்ட், ஸ்டவ், கேஸ், பாத்திரம், தண்ணீர் ஃபில்டர், முதலுதவிப் பெட்டி ஆகியவை பொது.

டென்ட்டைத் துணி ஒருவரிடம், கம்பி ஒருவரிடம் என்று பிரிப்பது வழக்கம். எடை சமமாகும் என்பது உண்மைதான். ஆனால் பிரிந்துபோனால் இருவருக்குமே டென்ட் இல்லை. டென்ட்டை முழுதாக ஒருவரும், ஸ்டவ், கேஸ், சாப்பாட்டின் பெரும்பகுதியை இன்னொருவரும் சுமப்பது மேல். இறங்கும்போது சாப்பாட்டுப் பை இளைத்திருக்கும், அப்போது டென்ட் கைமாறட்டும்.

நேரக் கணக்கு

1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ. தூரத்துக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னும் 1 மணி நேரம். 8 கி.மீ. நடை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் 1 மணி 36 நிமிடமும் 1 மணி 30 நிமிடமும் சேர்ந்து ஏறக்குறைய 3 மணி நேரம். இது நல்ல உடற்பயிற்சி உள்ளவர் சுமையில்லாமல் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. முதுகில் 12 கிலோ, இடையில் ஓய்வு எல்லாம் சேர்த்தால் பாதிக்கு மேல் கூட்டி 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 5 மணி நேரத்தைப் பொழுது சாய்வதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இருட்டுவதற்கு 2 மணி நேரம் முன்பே தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். 6:15-க்குச் சூரியன் மறைந்தால் 4:15-க்குள் அங்கே. அப்படியானால் 11 மணிக்குக் கிளம்பினாலும் கணக்கு சரியாக வரும். ஆனாலும் 8 மணிக்கே கிளம்புங்கள். பல மலைகளில் மழையும் இடியும் பிற்பகலில்தான் கூடும்.

உச்சியை இரண்டாம் நாள் காலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. டென்ட்டை அப்படியே விட்டுவிட்டுச் சின்னப் பையோடு ஏறி வரலாம். அந்தச் சின்னப் பையிலும் மேலே சொன்ன ஆளுக்கொன்று பொருள்கள் அத்தனையும் இருக்க வேண்டும். திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே குறித்துவிடுங்கள். 10:30 என்று சொன்னால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் 10:30-க்குத் திரும்ப வேண்டும். இருவரில் யார் "திரும்பலாம்" என்றாலும் விவாதமில்லாமல் திரும்புவது என்பதையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். மலையில் களைத்துப்போன பிறகு அந்தப் பேச்சு சண்டையாகத்தான் முடியும்.

காட்டுக்குள் தங்கவும் தீ மூட்டவும் பல இடங்களில் முன்அனுமதி வேண்டும், அதை முதலில் விசாரியுங்கள். ஊரில் இருக்கும் ஒருவரிடம் எந்தப் பாதை, எங்கே தங்கல், எத்தனை மணிக்குள் அழைப்போம், அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பை

சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். 60 கிலோ உள்ளவருக்கு 12 கிலோ. ஓர் இரவுக்கு 45 முதல் 55 லிட்டர் பை தாராளம். அதற்கு மேல் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிக்கத் தோன்றும்.

ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமானவை (சாப்பாடு, தண்ணீர், டென்ட்) நடுவில், முதுகை ஒட்டி. இலேசானவை வெளிப்பக்கம். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னுக்கு இழுக்கும், ஏற்றத்தில் தோள் கடுக்கும். பைக்கு மேல் போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் அது மூடாது, அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள் ஒரு தடித்த பாலித்தீன் பையை விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி வாயை முறுக்கிக் கட்டினால் பொருள்கள் நனையாது.

மாட்டும்போது வரிசை முக்கியம். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரும்படி இறுக்குங்கள். பிறகு தோள் பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. சுமையின் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். பட்டை வயிற்றில் உட்கார்ந்தால் அத்தனையும் தோளுக்கு வந்துவிடும்.

நடை

வேகம் குறைந்தவர் முன்னால் நடக்க வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். வேகமானவர் முன்னால் போனால் என்ன நடக்கும்? திருப்பத்தில் உட்கார்ந்து 10 நிமிடம் காத்திருப்பார், மற்றவர் மூச்சுவாங்க வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா?" என்று எழுந்துவிடுவார். ஓய்வு தேவைப்படாதவருக்கு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க இப்படியே போனால் மாலையில் இறக்கத்தில் கால் இடறுவது அந்த இரண்டாமவருக்குத்தான்.

பாதை பிரியும் இடத்தில் மற்றவர் கண்ணில் படும்வரை நகரக் கூடாது. தவறிப் பிரிந்துவிட்டால் இருந்த இடத்திலேயே நின்று விசில் அடியுங்கள். ஆல்ப்ஸ் மலைகளில் வழங்கும் உதவிக் குறி நிமிடத்துக்கு 6 முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. பதில் குறி நிமிடத்துக்கு 3.

காலில் கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓரிடம் சூடாக உரசும். அந்த நிமிடமே நின்று, சாக்ஸைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, அந்த இடத்தில் டேப் ஒட்டுங்கள். "அடுத்த ஓய்வில் பார்க்கலாம்" என்றால் அதற்குள் தோல் எழும்பியிருக்கும். புது ஷூவோடு மலைக்கு வராதீர்கள், இரண்டு வாரமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் இடித்தால் கணுக்கால் பக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதும்.

தண்ணீர் நடக்கும்போது மணிக்கு அரை லிட்டர் வீதம், வெயிலில் கூடுதல். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும். கொதி வந்த பிறகு 1 நிமிடம். 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுண்குழாய் ஃபில்டர் (மெல்லிய இழைக் குழாய்கள் வழியே வடிகட்டுவது) உறைந்தால் அந்தக் குழாய்கள் உள்ளே வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. கடுங்குளிர் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடம்

தட்டையான தரை கிடைத்துவிட்டது என்று உடனே பையை இறக்காதீர்கள். முதலில் மேலே பாருங்கள்: பட்ட கிளை தொங்குகிறதா? பிறகு கீழே: மழை பெய்தால் தண்ணீர் வரும் வழியா? வறண்ட ஓடைப்படுகையில் மணல் மெத்தைபோல் இருக்கும், ஆசைப்படாதீர்கள். பள்ளத்தின் அடியில் இரவில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். முகட்டில் காற்றும் மின்னலும். சரிவில் சற்று மேலேறிய மேடை ஒன்று கிடைத்தால் அதுதான் இடம். நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளியிருக்கட்டும். மலம் கழிக்கும் இடமும் அதே 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி, மூடிவிட்டு வர வேண்டும்.

முளையைச் சாய்வாக, தலைப்பக்கம் டென்ட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி அடியுங்கள். நைலான் துணி ஈரத்தில் தொய்யும். படுக்கப் போகுமுன் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்டாவிட்டால் வெளித்துணி உள்துணியில் ஒட்டி, காலையில் ஸ்லீப்பிங் பேக் நனைந்திருக்கும். இரண்டு பேர் மூச்சுவிடும் இடம் என்பதால் குளிராக இருந்தாலும் காற்றுத் திறப்பை மூடக் கூடாது.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் இரவு 22 என்றால் 1,500 மீட்டர் மேலே 12. ஸ்லீப்பிங் பேக்கில் அச்சிட்டிருக்கும் எண்களில் 'கம்ஃபர்ட்' என்பதைப் பாருங்கள், வசதியாகத் தூங்கக்கூடிய குளிர் அளவு அது. 'எக்ஸ்ட்ரீம்' என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, உயிர் தப்புவதற்கானது. பேக்குக்குச் செலவழித்துவிட்டு, அடியில் விரிக்கும் மேட் வாங்குவதில் மிச்சம் பிடிப்பவர்கள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். உடல் அழுத்தத்தில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடுவதால் தரைக்குளிரைத் தடுப்பது மேட் மட்டுமே. அதன் ஆர்-மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) மிதமான இரவுக்கு 2, உறைகுளிருக்கு 4-க்கு மேல்.

அடுப்பு

காற்றில்லாத இடத்தில் 1 லிட்டர் தண்ணீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் கேஸ் ஆகும். இருவருக்கு இரவும் காலையும் சேர்த்து நாலரை லிட்டர் என்றால் 65 கிராம் போல. காற்றடித்தால் அதுவே இரட்டிப்பாகும். ஆகவே 100 கிராம் கேன் இழுபறி, 230 கிராம் கேன் நிம்மதி. கேனும் ஸ்டவ்வும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று வீட்டிலேயே மாட்டிப் பற்றவைத்துப் பாருங்கள். திருகு வாய், அழுத்து வாய் என்று வகைகள் உண்டு. காற்றுத் தடுப்பைக் கேனைச் சுற்றி முழுதாக மூடினால் கேன் சூடேறி வெடிக்கலாம். மழை என்றாலும் டென்ட்டுக்குள் சமைக்கவே கூடாது. தீ ஒருபக்கம் இருக்கட்டும், ஸ்டவ்விலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். எலி துணியைக் கடித்து ஓட்டை போடும், பெரிய விலங்குகளின் நடமாட்டம் உள்ள காட்டில் ஆபத்து அதைவிடப் பெரிது.

ஒருவரை ஒருவர் கவனித்தல்

உடல் குளிர்ந்துபோவது அதற்கு ஆளானவருக்கே தெரியாது. "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார், ஆனால் மழைக்கோட்டின் ஜிப்பைப் பிடிக்க விரல் வராது, பேச்சு குழறும், கால் தடுமாறும். உடனே நிறுத்தி, ஈர உடையை மாற்றி, காற்றிலிருந்து மறைத்து, சூடாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியோடு குமட்டலும் வந்தால் அது உயர நோயாக இருக்கலாம், அதற்கு மேல் ஏறாதீர்கள். தலைவலி கூடினாலோ நடை தள்ளாடினாலோ இரவானாலும் இறங்கத்தான் வேண்டும், நோயாளியைத் தனியே அனுப்பக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவு என்றால் முகட்டைவிட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்து ஏறலாம்.

வீடு திரும்பியதும் டென்ட்டை அன்றே விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு இரண்டு நாள் மடிந்திருந்தாலே பூஞ்சை பிடிக்கும். ஸ்லீப்பிங் பேக்கை உறையில் திணிக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மீந்த கேஸ் கேனை எடைபோட்டு, அந்த எடையை மார்க்கரால் அதன் மேலேயே எழுதிவையுங்கள்.