சிங்கப்பூர் டு நியூயார்க்: விமானத் தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு எங்கும் இறங்காமல் செல்லும் சேவை, உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவைகளில் ஒன்று. கணக்குப் பழக இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கால்குலேட்டர் ஒன்று போதும்.

படி 1: இருப்பிடம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். முதலில் தெரியும் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. சாங்கி: வடக்கு 1.35, கிழக்கு 104. கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.8. மேற்கு என்றால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி இருக்கும்.

படி 2: தூரம்

104-ஐயும் 73.8-ஐயும் கூட்டினால் 177.8. கிட்டத்தட்ட 180! அதாவது இரண்டு ஊர்களும் பூமி உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய பாதை பசிபிக்கைக் கடந்தோ ஐரோப்பா வழியாகவோ போகாது. வடதுருவத்தை ஒட்டிப் போகும். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண் இதை நம்ப மறுக்கும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்.

வடதுருவத்தின் அட்சரேகை 90 பாகை (டிகிரி). அதனால் சாங்கியிலிருந்து துருவம் வரை 90 − 1.35 = 88.65 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் வரை 90 − 40.64 = 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111.2 கி.மீ. பெருக்கினால் சுமார் 15,350 கி.மீ. வந்துவிட்டது.

இந்தக் குறுக்குவழி, எதிரெதிரே இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான். மற்ற ஊர்களுக்கு அதே ரைட் கிளிக் பட்டியலில் தூரத்தை அளக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து மற்ற விமான நிலையத்தைக் கிளிக் செய்யுங்கள்.

படி 3: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 15,350-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம். ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் டிக்கெட்டில் 18 மணிக்கு மேல் போட்டிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம். அப்புறம், காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டத்தைப் பிடிப்பதற்காக, நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியாகவே செல்கிறது. தூரம் கூடினாலும் பின்காற்று கைகொடுக்கும். அதனால்தான் ஒரே இரு ஊர்களுக்கு இடையே போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுகின்றன.

படி 4: இறங்கும் நேரம்

பலர் குழம்புவது இங்கேதான். முதலில் புறப்படும் ஊரின் கடிகாரத்திலேயே கூட்டுங்கள். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு 18.5 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் மாலை 6.30. அதற்குப் பிறகு நேர வித்தியாசத்தைக் கழியுங்கள். கோடையில் 12 மணி நேரம். ஆக நியூயார்க்கில் அதே நாள் காலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு தொடங்கி மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13 மணி நேரம் கழிக்க வேண்டும். அப்போது காலை 5.30.