நாற்காலிகளை நிரப்பவா குழந்தைகளை அழைக்கிறோம்? கல்வி, கலை விழாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலக வாசகர் வட்டங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் என்று தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் சொந்தக் காசையும் ஞாயிற்றுக்கிழமைகளையும் செலவழித்துக் குழந்தைகளுக்காக அறிவியல் விழா, கலை விழா, கதைத் திருவிழா நடத்துகிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனாலேயே அது வீணாகும்போது மனம் பொறுப்பதில்லை. வீணாவதற்குப் பெரும்பாலும் பணப் பற்றாக்குறை காரணமாக இருப்பதில்லை. விழா யாருக்காக என்ற கேள்விக்கு அழைப்பிதழில் ஒரு பதிலும், நடைமுறையில் வேறொரு பதிலும் இருப்பதுதான் காரணம்.

அழைப்பிதழில் காலை 9.30 மணி என்று இருக்கும். பிள்ளைகள் 9 மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினர் 11 மணிக்கு வருவார். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆறேழு வாழ்த்துரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு, ஒரு புகைப்படம். உண்மையான நிகழ்ச்சி தொடங்கும்போது பிள்ளைகளுக்குப் பசி வந்திருக்கும். இந்தத் தவறைச் சரிசெய்ய ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. சொன்ன நேரத்துக்குக் குழந்தைகளின் செயல்பாட்டைத் தொடங்கிவிடுங்கள்; விருந்தினர் எப்போது வந்தாலும் நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு மேசையில் பிள்ளைகளோடு வந்து உட்காரட்டும். பேச்சு வேண்டுமானால் உணவு இடைவேளைக்கு முன்பு ஒருவர், 5 நிமிடம். இதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகையில் வண்ணத்தாளும் பசையும் கத்தரிக்கோலும் வாங்கினால் எத்தனை பிள்ளைகளுக்கு வரும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்டதன் நினைவு நாள். ஆனால் அந்த வாரத்தில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியர்களும் வேறெதையும் நினைக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். அந்த விழாவை எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. நவம்பர் 14 குழந்தைகள் தினம் வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில் வருகிறது. திறந்த மைதானத்தில் பந்தல் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, ஒரு மண்டபத்தையோ பள்ளி வகுப்பறைகளையோ முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஜூலையும் ஆகஸ்ட்டும் பல ஊர்களில் கவனிக்கப்படாமல் போகும் நல்ல மாதங்கள்.

வானம் பார்க்கும் நிகழ்ச்சிகள்

தொலைநோக்கி நிகழ்ச்சிக்குப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுப்பது மிகவும் பரவலான தவறு. நிலா முழுதாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பௌர்ணமியன்று சூரிய ஒளி நிலவின் முகத்தில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. தொலைநோக்கியில் கண் கூசும் வெள்ளைத் தட்டுதான் தெரியும். வளர்பிறை எட்டாம் நாளை ஒட்டிப் பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் ஒளி சாய்வாக விழுவதால் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். அன்று மாலையிலேயே நிலா தலைக்கு மேலே இருக்கும் என்பது இன்னொரு வசதி. பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்தில் காக்க வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை. ஒரு தொலைநோக்கி, 300 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் 5 மணி நேரம். இந்தக் கணக்கைப் போடாமலே ஊர் முழுக்க அறிவித்துவிடுகிறோம். பின்னால் நிற்பவர்கள் தள்ளுகிறார்கள், முன்னால் நிற்கும் குழந்தைக்குக் கண்ணை வைத்துப் பழகுவதற்குள் “போதும், அடுத்தது” என்கிறார்கள். முன்பதிவு செய்தவர்களை 40, 50 பேராகப் பிரித்து நேரம் கொடுக்கலாம். காத்திருக்கும் குழுவிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, வெறும் கண்ணால் தெரியும் நிலவை வரையச் சொல்லுங்கள். தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்து இரண்டாவது படம் வரையட்டும். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் குழந்தைக்கு யாரும் விளக்கவுரை ஆற்ற வேண்டியதில்லை.

நிழலில்லா நாளில் நடக்கும் தவறு வேறு வகை. சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும். அந்தத் தேதியை அப்படியே எடுத்து மதுரையிலும் நாகர்கோவிலிலும் நிகழ்ச்சி வைத்தால் நிழல் விழத்தான் செய்யும். தெற்கே போகப் போக ஏப்ரல் தேதி முன்னால் வரும், ஆகஸ்ட் தேதி பின்னால் போகும். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். நேரமும் சரியாக 12 மணி அல்ல. ஏப்ரல் நிகழ்வில் சென்னைக்கு அது 12 மணி 7 நிமிடத்தை ஒட்டி அமையும். 11.30 மணியிலிருந்தே ஒரு குச்சியை நட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொன்னால்தான் அது பாடமாகும். சரியான நொடியில் கூடிக் கைதட்டிவிட்டுக் கலைவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கூடவே ஓர் எச்சரிக்கை: சூரியன் சம்பந்தப்பட்ட எந்த நிகழ்ச்சியிலும் எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் வழியாகப் பார்க்க அனுமதிக்கக் கூடாது. அட்டையில் குண்டூசித் துளை போட்டுச் சுவரில் பிம்பம் விழச் செய்தாலே போதும்.

கலைஞரை அழைத்துவிட்டு வாசலில் நிறுத்துவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. பறையிசைக் கலைஞர்களை வெகு தொலைவிலிருந்து வரவழைக்கிறோம். நுழைவாயிலில் நிறுத்தி, விருந்தினர் காரிலிருந்து இறங்கும்போது அடிக்கச் சொல்கிறோம். அவர் உள்ளே போனதும் “சரி, போதும்” என்கிறோம். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு கலையை, கல்வி விழா என்ற பெயரில் நாமும் அதே இடத்தில் நிறுத்துகிறோம் என்பதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். பறையிசைக் கலைஞர் அந்த விழாவுக்கு ஆசிரியராக வந்திருக்கிறார். அவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், 30 பிள்ளைகளைச் சுற்றி உட்கார வையுங்கள். வாசிப்பதற்கு முன் பறையைத் தீயில் காய்ச்சுவதை அவர்கள் பார்க்கட்டும். காய்ச்சுவதற்கு முன் ஓர் அடி, பின் ஓர் அடி. சத்தம் எப்படி ஏறுகிறது என்று காதால் கேட்கட்டும். ஈரம் போகத் தோல் இறுகுகிறது, இறுகிய தோல் வேகமாக அதிர்கிறது. பாடப்புத்தகத்தில் ஒலி அத்தியாயம் சொல்வதும் இதைத்தான். அதன் பிறகு குச்சிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம்.

தெருக்கூத்துக்கும் இதே கதிதான். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கங்களில் இரவு தொடங்கி விடிய விடிய நடக்கும் கலை அது. அதை “வரவேற்பு நிகழ்ச்சி, 10 நிமிடம்” என்று நிகழ்ச்சி நிரலில் செருகுகிறோம். கதையை அறிமுகப்படுத்தும் கட்டியங்காரன் வந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். முழு இரவுக் கூத்தைப் பள்ளி விழாவில் நடத்த முடியாதுதான். ஆனால் குழுவினரிடமே கேட்டால், ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் ஒரு கட்டத்தை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்; எதை வெட்டலாம் என்று நாம் சொல்லக் கூடாது. இன்னொன்று, கூத்தில் குழந்தைகள் மிகவும் ரசிக்கக்கூடிய பகுதியை நாம் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறோம். ஒப்பனை! கைக்கண்ணாடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சாதாரண மனிதர் மெல்ல மெல்ல அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, மீசை எழுதி, புஜக்கட்டையும் கிரீடமும் ஏற்றித் துரியோதனன் ஆகும் அந்த நேரம் முழுவதையும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கலைஞர் சம்மதித்தால் கேள்வியும் கேட்கலாம். பிறகு அவர் திரையைப் பிடித்துக்கொண்டு வரும்போது, அந்தப் பிள்ளைகளின் பார்வை மற்றவர்களுடையதைப் போல இருக்காது.

சம்பளத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தொகையை முன்பே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பயணச் செலவைத் தனியாகக் கொடுங்கள். மீதியை அவர்கள் கிளம்புவதற்கு முன் கையில் கொடுங்கள். “சான்றிதழ் தருகிறோம்” என்பது சம்பளம் ஆகாது. உடை மாற்ற, குறிப்பாகப் பெண் கலைஞர்களுக்கு, கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை வேண்டும். விருந்தினருக்குப் போடும் அதே பந்தியில் அவர்களுக்கும் இலை போடுங்கள்.

போட்டியும் பெற்றோரும்

ஓவியப் போட்டிக்குச் “சுற்றுச்சூழல்” என்று தலைப்புக் கொடுத்தால், பாதி பச்சையும் பாதி கறுப்புமாகப் பிளந்த பூமிப் பந்து வரிசையாக வரும். பழக்கப்படுத்தி அனுப்பிய படம் அது. குழந்தை பார்த்த எதுவும் அதில் இல்லை. “உங்கள் தெருவில் தண்ணீர் எங்கே தேங்குகிறது?” என்று கேட்டால் வேறு மாதிரிப் படங்கள் வரும். பரிசு மூன்று பேருக்குப் போய், மீதிப் பேர் அழுத முகத்தோடு வீடு திரும்பும் ஏற்பாடு சிறு வகுப்புகளுக்குத் தேவையே இல்லை. எல்லாப் படங்களையும் கயிறு கட்டிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால், ஒவ்வொரு பெற்றோரும் தேடி வந்து பார்ப்பார்கள். மாறுவேடப் போட்டியில் வாடகை உடைக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளை வராமலே இருந்துவிடும். வந்தவர்களை மட்டும் பார்க்கும் நமக்கு அது தெரியாமலே போகும். வீட்டிலிருக்கும் துண்டு, சேலை, செய்தித்தாள் இவற்றால் மட்டுமே வேடம் என்று விதி வைத்துவிடலாம்.

பெற்றோரைப் பார்வையாளராக ஓரத்தில் உட்கார வைத்தால், அவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தாத்தா பாட்டிகளுக்கு ஒரு மூலையை ஒதுக்குங்கள். பல்லாங்குழியின் 14 குழிகளில் முத்துப் போட்டு, எங்கே தொடங்கினால் எங்கே முடியும் என்று மனத்திலேயே எண்ணிப் பார்க்கும் பாட்டியின் பக்கத்தில் ஒரு கணித ஆசிரியரை உட்கார வையுங்கள். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளை 15 ஆடுகள் எப்படி மடக்குகின்றன என்று கற்றுத்தரத் தரையில் ஒரு கோட்டுப்படம் போதும். படிக்காதவர் என்று தன்னைப் பற்றித் தயங்கி வாசலில் நின்ற அம்மாவும் இந்த மூலைக்கு வந்துவிடுவார்.

ஆசிரியர்களை நாம் நடத்தும் விதமும் மாற வேண்டும். “ஞாயிற்றுக்கிழமை 30 மாணவர்களோடு வரவும்” என்று ஒரு சுற்றறிக்கை போனால், அவர்கள் வேலை தலைகளை எண்ணுவதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும்தான். ஈடுசெய் விடுப்புக்கு ஏற்பாடு உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள். விழாவுக்கு ஒரு மாதம் முன்பு இரண்டு மூன்று ஆசிரியர்களைத் திட்டமிடும் கூட்டத்துக்கே அழைத்து, எந்தப் பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபடாமல் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்து நிகழ்ச்சி பிறக்கட்டும். திங்கட்கிழமை வகுப்பில் தாள், நூல், தீப்பெட்டி, பாட்டில் மூடி இவற்றை வைத்தே திரும்பச் செய்யக்கூடிய செயல்பாடுகளாகத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் விலையுள்ள கருவியைக் காட்டினால் வியப்பார்கள், அதோடு சரி.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத, ஆனால் விட்டுவிடவே முடியாத ஒன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. கீற்றுப் பந்தலுக்குக் கீழே மின்கம்பி இழுப்பது, சமையல் அடுப்பைப் பந்தலை ஒட்டி வைப்பது, “கூட்டம் கலையாமல் இருக்கட்டும்” என்று ஒரு கதவைப் பூட்டி வைப்பது ஆகிய எதற்கும் சமாதானம் சொல்ல இடமில்லை. பறை காய்ச்சும் தீயும் திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடுதான் இருக்க வேண்டும். எந்த அறையில் எத்தனை பேர், வெளியேறும் வழிகள் எவை, எங்கே யார் நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தன்னார்வலர் அனைவர் கையிலும் கொடுங்கள். விடுமுறை நாளில் பெண்கள் கழிப்பறை பூட்டியே கிடக்கும், சாவி யாரிடம் இருக்கிறது என்று விழா அன்று தேடுவார்கள். முந்தைய நாள் மாலையே சாவியை வாங்கி, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பார்த்துவிடுங்கள். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல வருபவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் காலையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புகைப்படங்களை வெளியிடப் பெற்றோரிடம் அனுமதி பெறுங்கள். அனுமதி இருந்தாலும் குழந்தையின் பெயரையும் பள்ளியையும் படத்தோடு சேர்த்துப் போட வேண்டாம். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி பெற வேண்டும்; இரவு 10 மணிக்கு மேல் அதற்கு இடமில்லை என்பதால், கூத்தோ நாடகமோ வைப்பவர்கள் மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுவது நல்லது.