ஒரே ஒரு கன்ஜியை முழுதாகப் படிப்பது எப்படி: 'மரம்'

ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 கன்ஜிகள், அதாவது சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்துகள், இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து மலைத்துப்போய், ஒரு நாளைக்குப் பத்து எழுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாசிப்பு (அதை ஒலிக்கும் விதம்) என்று மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் நோட்டு நிறைந்தது, ஆனால் ஒரு சின்ன வாக்கியத்தில் அதே எழுத்து வந்தால் எந்த வாசிப்பைச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். ஒரு எழுத்தை எடுத்து, அது வரும் சொற்களோடு சேர்த்துப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் வழி பிடிபட்டது. அதே வழியில் இன்று 'மரம்' என்ற கன்ஜியைப் படிப்போம். ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் 80 கன்ஜிகளில் இதுவும் ஒன்று.

முதல் படி: கையால் எழுதுங்கள்

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் நான்கு கோடுகள். முதலில் இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக் கோடு. அடுத்து மேலிருந்து கீழாக, முதல் கோட்டை வெட்டிக்கொண்டு, ஒரு நீளமான நிற்கும் கோடு. இதுவரை கூட்டல் குறி போல இருக்கும். அப்புறம் இரண்டும் வெட்டும் இடத்திலிருந்து இடப்பக்கம் கீழ்நோக்கி ஒரு சாய்வு, வலப்பக்கம் கீழ்நோக்கி ஒரு சாய்வு. அவ்வளவுதான். நடுவில் தண்டு, மேலே கிளை, கீழே வேர்.

நிற்கும் கோட்டின் அடியில் சிலர் சின்னதாக ஒரு கொக்கி போடுவார்கள், சிலர் போடமாட்டார்கள். எது சரி என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரிதான் என்று ஜப்பானின் கலாசார முகமை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது. கோடுகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

இரண்டாம் படி: அதன் சொந்தக்காரர்களைப் பாருங்கள்

இந்த மரத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தோப்பு, வாசிப்பு ஹயாஷி. மேலே ஒன்று, கீழே இரண்டு என்று மூன்றாக எழுதினால் காடு, மொரி. மரத்தின் இடப்பக்கம் மனிதனைக் குறிக்கும் வடிவத்தைச் சேர்த்தால் ஓய்வெடுப்பது, யசுமு. வெயிலில் நடந்து வந்தவன் மரத்தடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டால் இது மறக்காது. தண்டின் அடியில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டால் அடி, மூலம் என்ற பொருள் வரும். அதன் வாசிப்பு ஹொன். இன்று புத்தகத்துக்கும் இதே எழுத்துதான், நிஹொன் என்று ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயரில் இரண்டாவதாக வருவதும் இதுதான்.

மூன்றாம் படி: வாசிப்புகள்

இங்கேதான் பலரும் திணறுவார்கள், அதனால் நிதானமாகப் போவோம். தமிழில் நீர் என்கிறோம், ஜலம் என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். குடிக்க நீர் கேட்போம், ஆனால் மூக்கு ஒழுகினால் ஜலதோஷம். நீர்தோஷம் என்று யாரும் சொல்வதில்லை. இப்போது நீர், ஜலம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதிவிட்டு, இடம் பார்த்து வாசிப்பதாக நினைத்துப் பாருங்கள். கன்ஜி வேலை செய்வது அப்படித்தான். ஜப்பானியரின் சொந்தச் சொல்லாக வாசிப்பது குன்யொமி, சீனத்திலிருந்து வந்த ஒலியில் வாசிப்பது ஒன்யொமி.

மரத்துக்கு குன்யொமி கி. தனியாக நின்றால் கி, மரம். குடும்பப் பெயர்களிலும் பெரும்பாலும் இதுதான். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் பார்க்கும் சுசுகி என்ற பெயர் ஒரு குடும்பப் பெயர். அதை எழுதும் கன்ஜிகள் இரண்டு, மணி, மரம். சில பழைய கூட்டுச்சொற்களில் கி என்பது கொ ஆகிவிடும். கொனொஹ என்றால் மரத்தின் இலை. கொமொரெபி என்றால் இலைகளுக்கு நடுவே கசிந்து இறங்கும் வெயில். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த சொல் இதுதான், அதனாலேயே கொ என்ற வாசிப்பு மறக்கவில்லை.

ஒன்யொமி இரண்டு: மொகு, பொகு. வெவ்வேறு காலங்களில் சீனத்திலிருந்து வந்ததால் இரண்டாகிவிட்டன. மரத்தால் கட்டியது மொகுஸோ, மரவாள் பொகுதோ. மொகு அதிகம் வரும், அதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மொகு மனதில் நிற்க ஒரு நல்ல வழி வியாழக்கிழமை. ஜப்பானியத்தில் அது மொகுயோபி, மரத்தின் கிழமை. சீன மரபில் ஐந்து கோள்களுக்கு ஐந்து பூதங்களைப் பங்கிட்டபோது வியாழன் கோளுக்கு மரம் போனது, அதனால் வியாழன் கோளின் பெயரும் மொகுசேய், மர விண்மீன். நாம் வியாழன் கோளின் பெயரில் அழைக்கும் அதே நாளைத்தான் அவர்களும் அந்தக் கோளின் பெயரில் அழைக்கிறார்கள்! செவ்வாய், புதன், வெள்ளி, சனி எல்லாமே இப்படிப் பொருந்தும்.

நான்காம் படி: வாய்விட்டுச் சொல்லுங்கள்

தமிழ் பேசும் நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்லின் நடுவில் தனிக் ககரம் வந்தால் நம் நாக்கு தானாக மென்மையாக்கிவிடும், மகன் என்பதைப் போல. மொகு, பொகு, சுசுகி, அவொகி என்ற இன்னொரு குடும்பப் பெயர் எல்லாவற்றிலும் க வல்லினமாக, கல் என்பதில் வருவதுபோல ஒலிக்க வேண்டும். பொகுவின் முதல் எழுத்து பஸ் என்பதில் வரும் ப. ஆனால் தகாகி என்ற குடும்பப் பெயரில் கடைசி கி உண்மையிலேயே மென்மையானது, சேரும்போது ஒலி மாறுகிறது. எழுத்தில் பார்த்தால் அவொகி, தகாகி இரண்டின் முடிவிலும் அதே மரம்தான். காதால் கேட்டுத்தான் பிரித்தறிய முடியும், அதனால் ஒலிப்பதிவு இல்லாமல் பெயர்களைப் படிக்காதீர்கள்.

இனி நோட்டில் ஒரு பக்கத்தை இந்த எழுத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். கி, மொகுயோபி, பொகுதோ, கொமொரெபி, நான்கே சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். வாசிப்புகளைத் தனியாக எழுத வேண்டாம். விதிவிலக்கு வரும்போது அதே பக்கத்தில் சேருங்கள்: பருத்தித் துணியைக் குறிக்கும் மொமென் என்ற சொல்லிலும் மரம் இருக்கிறது, ஆனால் கி, கொ, மொகு, பொகு எதுவும் அதில் முழுதாக ஒலிப்பதில்லை.

பிறகு ஒரு ஜப்பானிய நாள்காட்டியை எடுத்து வியாழன் வரிசையின் தலையில் இந்த மரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு அடுத்த நாளுக்கு உரிய எழுத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்: பொருள் தங்கம், உலோகம், பணம்; வாசிப்பு கின், கனே.