பூட்டிக் கிட்டார் ஆம்ப்பை உங்கள் வாசிப்புக்கு ஏற்பத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒருவரோ ஒரு சிறு குழுவினரோ தங்கள் பட்டறையில் குறைந்த எண்ணிக்கையில் கட்டி விற்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர்களைத்தான் கிட்டார் கலைஞர்கள் பூட்டிக் ஆம்ப் என்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் ஆம்ப்பில் மூன்று நான்கு சானல்களும் பலவகை ஒலிகளும் இருக்கும். வாங்கியவர் எப்படி வாசித்தாலும் அதில் ஏதோ ஒன்று அவருக்குப் பொருந்திவிடும். பூட்டிக் ஆம்ப்களில் பெரும்பாலானவை அப்படி அமைக்கப்படுவதில்லை. ஒரே ஒரு ஒலியை மிக ஆழமாகத் தருவதற்காகவே அவை கட்டப்படுகின்றன என்பதால், அந்த ஒலி உங்கள் கைக்கு ஒத்துவராவிட்டால் எத்தனை விலை கொடுத்திருந்தாலும் பயனில்லை. ஆகவே ஆம்ப்பை ஆராய்வதற்கு முன்பாக உங்கள் வாசிப்பை ஆராய வேண்டும்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, எவ்வளவு சத்தத்தில் வாசிக்கிறீர்கள் என்பதுதான். வால்வு ஆம்ப்பின் குணம் வால்யூமோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். குறைந்த வால்யூமில் அது தெளிவாக ஒலிக்கும். வால்யூமைக் கூட்டக் கூட, வெளியீட்டு வால்வுகள் தங்கள் எல்லையை நெருங்கி, ஒலி அலையின் முகடுகள் மழுங்கி, ஒலியில் கரகரப்பு ஏறத் தொடங்கும். தெளிவுக்கும் கரகரப்புக்கும் நடுவில் ஒரு குறுகிய இடம் இருக்கிறது. அங்கே மெதுவாக மீட்டினால் ஒலி தூய்மையாகவும், அழுத்தி மீட்டினால் முரட்டுத்தனமாகவும் வரும். வால்வு ஆம்ப்பை விரும்புகிறவர்கள் தேடுவது அந்த இடத்தைத்தான். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சத்தமும் அந்த இடமும் ஒன்றாக அமைய வேண்டும். என் கணிப்பில், தேர்வின் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது.

வாட் கணக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 100 வாட் ஆம்ப் 50 வாட் ஆம்ப்பைப் போல இரண்டு மடங்கு சத்தமாக ஒலிக்காது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால், மின்திறன் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவும் ஒரு வாட் மின்திறனிலேயே ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் அளவுக்கு ஒலிப்பவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டு அறையில் மட்டும் வாசிப்பவர் 30 வாட் ஆம்ப்பை அதன் நல்ல இடத்துக்குக் கொண்டுபோகவே முடியாது. அவருக்கு 5 வாட்டுக்கு உட்பட்ட ஆம்ப், அல்லது வெளியீட்டுத் திறனைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வசதியுள்ள ஆம்ப் ஏற்றது. டிரம்ஸ் வாசிப்பவரோடு சேர்ந்து கரகரப்போடு வாசிப்பவருக்கு 15 முதல் 20 வாட் போதும். அதே மேடையில் முழுத் தெளிவான ஒலி வேண்டுமென்றால் 30 அல்லது 40 வாட் தேவைப்படலாம். தெளிவுக்குத்தான் அதிகத் திறன் வேண்டும்.

அடுத்தது ஆம்ப் வகைகள். இன்றைய பூட்டிக் ஆம்ப்களில் பெரும்பாலானவற்றின் மின்சுற்று, பழைய நான்கைந்து ஆம்ப்களிலிருந்து பிறந்தது. எது எதிலிருந்து வந்தது என்பது தெரிந்தால், கடைப் பட்டியலில் உள்ள நூறு பெயர்களும் சில வகைகளுக்குள் அடங்கிவிடும்.

1950களில் ஃபெண்டர் நிறுவனம் டுவீட் துணி போர்த்தி விற்ற ஆம்ப்கள் முதல் வகை. அவற்றுள் சிறியதான டீலக்ஸ், இரண்டு 6வி6 வால்வுகளோடு 15 வாட்டுக்கும் குறைவான திறன் கொண்டது. வால்யூம் பாதியை எட்டுவதற்குள்ளாகவே கரகரக்கத் தொடங்கும். கீழ்ச்சுருதி ஒலிகள் தளர்ந்து இருக்கும். நடுச்சுருதி ஒலிகள் முன்னால் வந்து நிற்கும். விரலால் மீட்டி, இடைவெளி விட்டு, ப்ளூஸ் வாசிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானதைச் சொல்வது கடினம். இலினாய் மாநிலத்தின் விக்டோரியா நிறுவனம் இந்தப் பழைய சுற்றுகளைப் பெரிதும் மாற்றாமல் கட்டுகிறது. 1960களில் ஃபெண்டர் கொண்டுவந்த கறுப்பு முகப்பு ஆம்ப்கள் இதற்கு நேர் எதிரானவை. 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப், 85 வாட் ட்வின் ரிவெர்ப் ஆகியவற்றில் நடுச்சுருதி ஒலி சற்று உள்வாங்கி, மேல்சுருதி மினுமினுக்கும். அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) பாணி, ஜாஸ், ஃபங்க் வாசிப்பவர்களும், கரகரப்பு முழுவதையும் காலால் இயக்கும் ஒலிமாற்றுக் கருவிகளான பெடல்களிலிருந்தே பெறுபவர்களும் இந்த வகையில் தேட வேண்டும். வட கரோலினாவின் கார் (Carr) என்ற ஆம்ப் நிறுவனம் இந்த மரபில் நல்ல ஆம்ப்களைச் செய்கிறது.

அடுத்த வகை, இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30. நான்கு இஎல்84 வால்வுகள் உள்ள இந்த ஆம்ப்பில், வெளியீட்டு ஒலியின் ஒரு பகுதியை உள்ளே திருப்பி அனுப்பி அதை நேர்ப்படுத்தும் நெகட்டிவ் ஃபீட்பேக் என்ற ஏற்பாடு இல்லை. அதனால் ஒலி கட்டுக்கடங்காமல் உயிர்ப்போடு வெளிவரும், பல சுரங்களைச் சேர்த்துக் கார்டாக வாசித்தால் ஒவ்வொரு தந்தியும் மணிபோலத் தனித்துக் கேட்கும். பாடகருக்குப் பின்னால் ரிதம் வாசிப்பவர், பன்னிரண்டு தந்தி கிட்டாரோ எக்கோ பெடலோ பயன்படுத்துபவர் ஆகியோருக்கு இது ஏற்றது. 1989இல் மார்க் சாம்ப்சனும் ரிக் பெரோட்டாவும் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மேட்ச்லெஸ் நிறுவனத்தின் டிசி-30, இந்த மரபை மேடை வாழ்க்கைக்குத் தாங்கும்படி திடமாகக் கட்டியெழுப்பியது. பூட்டிக் ஆம்ப் என்ற துறையே காலூன்றியதில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஒஹாயோவின் டாக்டர் ஸீ நிறுவனத்தின் மேஸ் 18, இரண்டு இஎல்84 வால்வுகளோடு சிறிய அரங்குகளுக்கு அளவாக அமைந்த ஆம்ப்.

மார்ஷலின் கதை ஃபெண்டரிலிருந்து தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பின் சுற்றையே அடிப்படையாகக் கொண்டது; பிறகு வந்த இஎல்34 வால்வுகள் அதற்கு உறுமலைக் கொடுத்தன. இரண்டு தந்திகளில் பவர் கார்டு அடித்து ராக் வாசிப்பவருக்கு இந்த வகைதான். நியூ ஜெர்சியின் கென் ஃபிஷர் தம் ட்ரெய்ன்ரெக் எக்ஸ்பிரஸ் ஆம்ப்பையும் இஎல்34 வால்வுகளைக் கொண்டே உருவாக்கினார். சானல் மாற்றும் விசை இல்லை, மொத்தச் சத்தத்தைத் தனியாகக் குறைக்கும் மாஸ்டர் வால்யூமும் இல்லை. ஆனால் கிட்டாரில் உள்ள வால்யூம் திருகைக் குறைத்தால் முழுத் தெளிவும், கூட்டினால் முழு உறுமலும் அந்த ஒரே சானலிலிருந்து வரும். 2006இல் மறைந்த அவர் கட்டியவை இன்று சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டாலும், அந்தச் சுற்றைப் பின்பற்றிப் பலரும் கட்டுகிறார்கள். பாட்டின் நடுவே சுண்டுவிரலால் வால்யூம் திருகைத் திருப்பிக்கொண்டே வாசிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இதைக் கட்டாயம் வாசித்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு இது பெருந்தொல்லையாகவே இருக்கும்.

கனமான மெட்டல் வாசிப்பவரின் தேவை வேறு. ராண்டல் ஸ்மித்தின் மேசா பூகி ஆம்ப்கள் 1970களில் ஒலிக்குறிப்பைப் பெருக்கும் கெயின் நிலைகள் பலவற்றைத் தொடராக அடுக்கும் வழியைப் பரப்பின. மைக் சோல்டானோவின் 100 வாட் எஸ்எல்ஓ-100 அதை 1987இல் இன்னொரு உயரத்துக்குக் கொண்டுபோனது. இவற்றில் கரகரப்பு முன்நிலை வால்வுகளிலேயே பிறப்பதால், மாஸ்டர் வால்யூமைக் குறைத்தாலும் பெருமளவு குணம் மாறாது. வலது உள்ளங்கையால் தந்தியை அடக்கி வேகமாக வாசிக்கும்போது கீழ்ச்சுருதி ஒலி குழையாமல் இறுக்கமாக நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

கடைசியாக, கலிபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள். 2022இல் மறைந்த இவர் தம் ஓவர்டிரைவ் ஸ்பெஷல் ஆம்ப்களை வாங்குபவரின் கைக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தவர். கிட்டார் கலைஞர்கள் ராபன் ஃபோர்ட், லாரி கார்ல்டன் ஆகியோரின் வாசிப்பில் கேட்கும் நீண்டு நிற்கும் மென்மையான தனிச்சுரம் இந்த வகையின் அடையாளம். இப்போது டூ-ராக் போன்ற நிறுவனங்கள் இதைத் தொடர்கின்றன. மின் கிட்டாரில் கர்நாடக இசை வாசிப்பவர்களுக்கும் இந்த வகையைப் பரிந்துரைப்பேன். ஒரே மீட்டலில் கமகம் அசைந்து பல சுரங்களைத் தொட வேண்டியிருப்பதால், ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடாமல் தெளிவோடு நீடிக்க வேண்டும். டுவீட் வகை அந்த நுட்பத்தைக் கரகரப்பில் மூடிவிடும்.

விரலுக்குக் கிடைக்கும் உணர்வைப் பெரிதும் தீர்மானிப்பவற்றுள் ரெக்டிஃபையரும் ஒன்று. மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் பணியை வால்வு செய்தால், அழுத்தி மீட்டும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்து மீளும். சுரம் மெத்தென்று தொடங்கிப் பிறகு விரியும். 5ஒய்3 வால்வில் இந்தச் சரிவு அதிகம், ஜிஇசட்34 வால்வில் குறைவு, வால்வுக்குப் பதிலாகக் குறைக்கடத்தி டயோடு இருந்தால் ஏறக்குறைய இல்லை. நிதானமாக வாசிப்பவருக்கு இந்த நெகிழ்வு இன்பம். வேகமாக வாசிப்பவருக்கு ஒலி பின்தங்குவதாகத் தோன்றும். கையால் இணைத்த கம்பிகளா, அச்சிட்ட சுற்றுப்பலகையா என்ற விவாதத்துக்கு அத்தனை முக்கியத்துவம் தர வேண்டியதில்லை. கையால் கட்டியதைப் பழுதுபார்ப்பது எளிது. ஒலியைப் பொறுத்தவரை நல்ல சுற்றுப்பலகை எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஸ்பீக்கரை மாற்றுவது அதைவிடப் பல மடங்கு வேறுபாடு தரும். செலஸ்டியன் கிரீன்பேக் 25 வாட் தாங்கும், 98 டெசிபெல் தரும், நடுச்சுருதியில் இனிமையானது. விண்டேஜ் 30 என்பது 60 வாட் தாங்கி 100 டெசிபெல் தருவது, மேல்நடுச்சுருதியில் கூர்மையானது.

வாசித்துப் பார்க்கும்போது உங்கள் சொந்தக் கிட்டாரையே கொண்டுபோங்கள். பெடல் ஏதும் இணைக்காமல், டோன் திருகுகளை நடுவில் வைத்து, வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கரகரப்பு எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஒரே கார்டை மென்மையாகவும் அழுத்தியும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்து, ஒலி மங்கிப்போகிறதா, தெளிவடைகிறதா என்று பாருங்கள். தரையில் இருக்கும் ஆம்ப்பின் முன் நின்றுகொண்டு மேல்சுருதியை மதிப்பிடாதீர்கள். ஸ்பீக்கர் தன் மேல்சுருதியை நேர்முன்னே குறுகிய கற்றையாக வீசும் என்பதால், அதைக் காது உயரத்துக்கு ஏற்றி வைத்தோ எட்டிச் சென்று குனிந்தோதான் கேட்க வேண்டும். அருகில் இத்தகைய கடை இல்லாதவர்கள் தயாரிப்பாளருக்கே எழுதலாம். எந்தக் கிட்டார், எந்தப் பிக்கப், எவ்வளவு பெரிய அறை, எந்தப் பெடல்கள் என்று விவரமாகச் சொன்னால், தங்கள் ஆம்ப் உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் கட்டியவர்களிடமிருந்தே அறிந்துகொள்ளலாம்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஆகவே அமெரிக்க ஆம்ப்பை வாங்கும்போது, ஏற்றுமதிக்கான டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதா என்று முதலிலேயே கேளுங்கள். தனி ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து ஓட்டினால் வோல்ட் இறங்குமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது; 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மர் அதிகமாகச் சூடாகும். ஆம்ப்பின் ஓம் அளவும் ஸ்பீக்கரின் ஓம் அளவும் ஒத்திருக்க வேண்டும், ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் இயக்கக் கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், திறந்து பார்க்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வெளியீட்டு வால்வு தேய்ந்தால் மாற்ற வேண்டிவரும். வால்வின் மின்னோட்ட அளவு தானாகவே அமையும் கேத்தோடு பயஸ் முறை ஆம்ப்பில் பொருத்தமான இணை வால்வுகளைச் செருகினாலே பெரும்பாலும் போதும். ஃபிக்ஸ்டு பயஸ் என்றால் அந்த அளவை ஒவ்வொரு முறையும் ஒரு டெக்னீஷியன் அளந்து சரிசெய்ய வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.