புதுக் குரல் தேடும்போதும் டாப் 10 போடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் ஒரு பழைய டைரி இருக்கிறது. 2021-லிருந்து ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதில் பத்துப் பாட்டு எழுதி வைக்கிறேன். அந்த மாதம் எனக்குப் பிடித்த புதுப் பாட்டுகள், ஒன்றிலிருந்து பத்து வரை. தமிழ், இங்கிலீஷ், மலையாளம் எல்லாம் கலந்துதான் இருக்கும். போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அதை எடுத்துப் புரட்டினேன். பல மாதங்களில் முதலிடத்தில் இருக்கும் பாட்டின் மெட்டுகூட ஞாபகம் வரவில்லை. ஏழாவது, ஒன்பதாவது என்று ஓரத்தில் கிடந்தவையோ இன்னமும் என் போனில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

எங்கே தப்பு நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். புதுக் குரலைத் தேடுவது ஒரு வேலை. பிடித்ததை வரிசைப்படுத்துவது இன்னொரு வேலை. தேடும்போது காது அவசரப்படலாம், வரிசைப்படுத்தும்போது அவசரப்படக் கூடாது. நான் இரண்டையும் ஒரே ராத்திரியில் செய்துகொண்டிருந்தேன். அதிலிருந்துதான் மற்ற சொதப்பல்கள் எல்லாம்.

ரீல்ஸில் கேட்டது பாதிப் பாட்டுகூட இல்லை

ஒருநாள் அக்கா மகன் "மாமா, இதைக் கேளுங்க, செம" என்று போனை நீட்டினான். பதினைந்து வினாடி. மெல்லிய, கொஞ்சம் மழலை கலந்த மாதிரி ஒரு பெண் குரல். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து முழுப் பாட்டைத் தேடிப் போட்டால் கனமான, அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். தப்பான பாட்டைப் போட்டுவிட்டோமோ என்று திரும்பவும் தேடினேன். பாட்டு சரிதான். ரீல்ஸில் ஓடியது வேகம் கூட்டிய வெர்ஷன்.

ஒரு பாட்டை அப்படியே 1.25 மடங்கு வேகத்தில் ஓட்டினால், ஸ்ருதியைத் தனியாகப் பிடித்து வைக்காதவரை, ஒரு கட்டையில் பாடியது ஏறக்குறைய மூன்று கட்டையில் கேட்கும். குரலின் கனம் போய்விடும், மூச்சு இழுக்கும் இடங்கள் மறைந்துவிடும். அதாவது அந்தப் பாடகியை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை. மெதுவாக்கி எதிரொலி சேர்த்து ராத்திரியில் சுற்றும் வெர்ஷன்களும் இதே கதைதான். சுமாரான குரலைக்கூட அது சோகக் குரலாக்கிவிடும்.

வேகத்தை மாற்றாவிட்டாலும் ரீல்ஸில் நமக்குக் கிடைப்பது ஹூக் மட்டும், அதாவது மனசில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஒரு துண்டு. சரணத்தில் பாடகர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். நான் வைத்திருக்கும் கணக்கு மூன்று பாட்டு: பிடித்த பாட்டை முழுதாக ஒரு தடவை, அப்புறம் அதே ஆளின் வேறு இரண்டு பாட்டு, அதிலும் ஒன்று வேகமில்லாததாக இருக்க வேண்டும். மூன்றாவது பாட்டு முடியும்போதும் ஆர்வம் இருந்தால்தான் பெயரை எழுதி வைப்பேன்.

நமக்குப் புதுசு, ஆள் புதுசு இல்லை

2024-ல் உலகமே புதுப் பாடகி என்று கொண்டாடிய இருவரை எடுத்துக்கொள்வோம். சப்ரீனா கார்பென்டரின் முதல் ஆல்பம் வந்தது 2015-ல். 2024-ல் வெளியாகி ஓகோவென்று ஓடியது அவருடைய ஆறாவது ஆல்பம். அதற்குப் பிறகுதான் அமெரிக்க இசை விருதான கிராமியின் சிறந்த புதுமுகம் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த விருதை 2025 பிப்ரவரியில் வாங்கிய சாப்பெல் ரோனின் 'பிங்க் போனி கிளப்' 2020-லேயே வந்த பாட்டு. வந்த வருஷமே அவரோடு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனம் அவரைக் கைவிட்டது. அமெரிக்காவில் அந்தப் பாட்டு முதல் பத்துக்குள் வந்தது 2025-ல். ஐந்து வருஷம் அது அங்கேயேதான் இருந்தது, நாம்தான் போகவில்லை.

ஒரு பாட்டு பிடித்ததும் அந்த ஆளின் அடுத்த வெளியீட்டுக்காகக் காத்திருப்பது நம் வழக்கம். பின்னால் போய்ப் பாருங்கள். முதல் ஆல்பத்திலோ, இருநூறு பேர் மட்டும் பார்த்த ஏதோவொரு மேடை வீடியோவிலோ நிறையக் கிடக்கும். சில சமயம் ஏமாற்றமும் கிடைக்கும்: பிடித்த அந்த ஒரு பாட்டைத் தவிர மற்றதெல்லாம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தானே.

பாடியவர் பெயர் எங்கே போச்சு

நம் ஊரில் இது தனிப் பிரச்சினை. சினிமாப் பாட்டு என்றால் வீடியோ தலைப்பில் படம் இருக்கும், ஹீரோ இருப்பார், ஹீரோயின் இருப்பார், இசையமைப்பாளர் இருப்பார். பாடியவரைத் தேடிக் கீழே இறங்கி 'மேலும்' என்பதை அழுத்த வேண்டும். 'ரவுடி பேபி' 2020 நவம்பரில் யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. தனுஷோடு அதைப் பாடியவர் தீ. என் அலுவலகத்தில் பேச்சுவாக்கில் கேட்டபோது இரண்டு பேர், சாய் பல்லவியே பாடியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோதுதான் தீயின் முகமும் குரலும் பலருக்கு ஒன்றாகச் சேர்ந்தது.

அதே பாட்டை வைத்து இன்னொன்றும் சொல்லலாம். அதை எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர் அறிவு. அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா என்ற இசை இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் அதைத் தட்டிக் கேட்டார்கள். பிறகு அறிவை வைத்து டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்த வரிகள் அவை. அது தெரிந்த பிறகு கேட்டால் இரண்டாவது நிமிஷத்துக்கு மேல் பாட்டே வேறு மாதிரி இருக்கிறது, எனக்காவது.

அதனால் வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரங்களைப் படியுங்கள். இசை ஆப்களிலும் பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டினால் எழுதியவர், பாடியவர், ஒலிப்பதிவு செய்தவர் பெயர்கள் வரும். கோரஸ் பாடியவர்களின் பெயர் இருந்தால் அதையும் விடாதீர்கள், நாளைய பாடகர்கள் பலர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். இன்னொரு தொல்லை எழுத்துக்கூட்டல். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். ஒரே பாடகருக்கு இரண்டு பக்கம் இருக்கும், ஒரே பக்கத்தில் வேறு யாரோ ஒருவருடைய பாட்டும் கலந்திருக்கும். பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் பாட்டின் பெயரிலிருந்து உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆப்பை மட்டும் நம்பினால்

ஸ்பாட்டிஃபையில் திங்கட்கிழமை ஒரு பரிந்துரைப் பட்டியல், வெள்ளிக்கிழமை புது வெளியீடுகளின் பட்டியல் என்று தானாகவே வந்துவிடும். வெள்ளி என்பது காரணத்தோடுதான். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெளியாகும் நாள் வெள்ளி. நம் சினிமா சிங்கிள்கள் அந்தக் கிழமையைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

பரிந்துரை கெட்டது என்று சொல்ல மாட்டேன், பல நல்ல பெயர்கள் எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தன. ஆனால் அது நீங்கள் கேட்டதையும், உங்களைப் போலக் கேட்பவர்கள் கேட்டதையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மூன்று வாரம் மெலடி கேட்டால் நான்காவது வாரமும் மெலடி. தங்கை வந்திருந்த கோடை விடுமுறையில் அவள் குழந்தைக்குச் சோறு ஊட்ட என் போனில் 'நிலா நிலா ஓடி வா' வகைப் பாட்டுகளைப் போட்டோம். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் ரொம்ப நாள் எனக்கு யானையும் காக்காவுமே பரிந்துரையாக வந்தன. பிள்ளைகளுக்கு வேறு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு புதுச் சங்கடம், ஆளே இல்லாத பாடகர்கள். 2025-ல் தி வெல்வெட் சன்டவுன் என்ற 'இசைக்குழு'வை ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேர் கேட்டார்கள். பிறகுதான் அதன் பாட்டுகள் செயற்கை நுண்ணறிவால் உருவானவை என்று வெளியே வந்தது. கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு பெயரைப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்த ஆள் எங்காவது மேடையில் நின்று பாடிய வீடியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன், அவ்வளவுதான். மேடையில் ஸ்ருதி லேசாகப் பிசகினால் எனக்குச் சந்தோஷமே.

எண்ணிக்கையைப் பார்த்து இடம் கொடுப்பது

ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். முப்பத்தோராவது வினாடியில் நீங்கள் எரிச்சலோடு தள்ளிவிட்டாலும் அது கணக்கில் இருக்கும். யூடியூபில் விளம்பரமாகக் காட்டிப் பார்வைகளைக் குவிப்பது ஒரு காலத்தில் சாதனையாகவே பேசப்பட்டது. 2019 செப்டம்பரில்தான், விளம்பரத்தால் வந்த பார்வைகளை இசைத் தரவரிசையிலும் 24 மணிநேரச் சாதனையிலும் சேர்ப்பதில்லை என்று யூடியூப் முடிவெடுத்தது. அமெரிக்காவின் வாராந்தரப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100, ஸ்ட்ரீம், ரேடியோ, விற்பனை மூன்றையும் கலக்கிறது. ஒவ்வொரு பட்டியலும் ஒவ்வொன்றை அளக்கிறது. உங்களுக்குப் பிடித்ததா என்று எதுவும் அளப்பதில்லை.

எண்களிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம் என்றால் அது பொறுமை. கிளாஸ் அனிமல்ஸ் குழுவின் 'ஹீட் வேவ்ஸ்' ஹாட் 100-ல் நுழைந்து முதலிடத்துக்கு வர 59 வாரம் எடுத்தது. ஒரு வருஷத்துக்கு மேல்! ஊரே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும்போது நாம் வெளியான ராத்திரியே 'இந்த வருஷத்தின் பாட்டு' என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம்.

வரிசை போடும்போது

வெளியான நாளில் இடம் கொடுக்காதீர்கள். புதுசாக இருப்பதே ஒரு ருசி. அது போன பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும். இதற்கு நேரெதிரான பொறியும் உண்டு. திரும்பத் திரும்ப எதிர்ப்படுவது நமக்குப் பிடித்துப்போகும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் 1968-லேயே எழுதினார். டீக்கடை, ஷேர் ஆட்டோ, கல்யாண மண்டபம் என்று எங்கும் ஒலிக்கும் பாட்டு, பிடித்ததால் வாயில் வருகிறதா, பழகியதால் வருகிறதா? இரண்டு வாரம் வேண்டுமென்றே அதைப் போடாமல் இருந்து பாருங்கள். கை தானாகத் தேடிப் போனால் பிடித்திருக்கிறது.

சத்தம் ஏமாற்றும். இரண்டு பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்லதாகத் தோன்றும், மெட்டோ குரலோ காரணமாக இருக்காது. ஆப்பின் அமைப்புகளில் நார்மலைசேஷன் என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால் எல்லாப் பாட்டும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்கு வரும். ஒப்பிட்டுப் பார்க்கும் நாளிலாவது அது ஓடட்டும்.

இடமும் ஏமாற்றும். இதில் நான் பலமாகவே அடிபட்டிருக்கிறேன். தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவதற்குள் பத்துப் பாட்டு கேட்டுவிடலாம். என் பட்டியல் முழுக்க அங்கேதான் பிறந்தது. ரயில் இரைச்சலில் தாளம் மட்டும் தப்பித்துக் காதுக்கு வரும். மூச்சும் கிடாரும் மட்டும் இருக்கும் பாட்டு பல்லாவரம் தாண்டுவதற்குள் செத்துவிடும். டைரியில் ஏழாம் இடம், ஒன்பதாம் இடம் வாங்கியவை பெரும்பாலும் அந்த மாதிரிப் பாட்டுகள்தான் என்று இப்போது புரிகிறது. இப்போதெல்லாம் ராத்திரி மொட்டை மாடியில் ஒரு தடவை, ரயிலில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் கேட்காமல் எதற்கும் இடம் கொடுப்பதில்லை.

பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவதையும் விட்டுவிட்டேன். எல்லாமே எட்டு, எட்டரை என்றுதான் வந்து நிற்கும். பதிலாக இரண்டிரண்டாக எடுத்துக்கொள்கிறேன்: இப்போது ஒன்றைத்தான் போடலாம் என்றால் எதைப் போடுவேன்? ஜெயித்தது மேலே போகும். பத்துப் பாட்டை இப்படி அடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது. அபிமானப் பாடகரின் பாட்டு என்றால் கை கொஞ்சம் மேலே தள்ளத்தான் செய்யும். இதே பாட்டை முன்பின் தெரியாத ஒருவர் பாடியிருந்தால் இங்கே வைப்பேனா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக, 'தற்போதைய பாட்டு' எது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். கேட் புஷ் 1985-ல் வெளியிட்ட 'ரன்னிங் அப் தட் ஹில்' ஒரு தொடரில் வந்த பிறகு 2022-ல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அது புதுப் பாட்டா, பழைய பாட்டா? கடந்த பன்னிரண்டு மாதத்தில் வெளியானவை மட்டும் என்பது என் விதி. தாமதமாகக் கண்டுபிடித்த பழையவற்றுக்குப் பின்பக்கத்தில் தனிப் பட்டியல். உங்கள் விதி வேறாக இருக்கலாம், நடுவில் மாற்றாமல் இருந்தால் சரி.

டைரியில் இப்போது பென்சிலால்தான் எழுதுகிறேன். முதலிடத்தை அடுத்த மாதக் கடைசி வரை காலியாக விட்டுவைப்பேன். இந்த மாதப் பக்கத்தில் இரண்டிலிருந்து பத்து வரை நிரம்பிவிட்டது. ஒன்றுக்கு எதிரே இரண்டு பெயர்கள் லேசாக எழுதி, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.