பழைய காரில் மின்சாரம் அடியோடு போனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டு விளக்குகள் ஒரு கணம் எரிந்து அணைந்து, அதன் பிறகு ஹார்ன், ஹெட்லைட், ஸ்டார்ட்டர் எதுவுமே வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலோர் உடனே புதிய பேட்டரி வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். சில நேரம் அதனால் கார் ஓடவும் செய்கிறது. ஏனெனில் பேட்டரியை மாற்றும்போது டெர்மினல்களும் கழற்றப்பட்டு, சுரண்டப்பட்டு, மறுபடி இறுக்கப்படுகின்றன. கோளாறு டெர்மினலில்தான் இருந்தது என்றால், நல்ல பேட்டரி குப்பைக்குப் போகிறது, பெயர் புதிய பேட்டரிக்குக் கிடைக்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோவதே ஒரு துப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. பல கருவிகள் ஒன்றாகக் கெடுவது அரிது. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில், அதாவது பேட்டரி, அதன் டெர்மினல்கள், பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் எர்த் கேபிள், பிரதான ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச்சுக்குப் போகும் தடித்த வயர் ஆகியவற்றில் ஏதோ ஓரிடத்தில் அறுந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மல்டிமீட்டர் முழுச் சார்ஜுக்கு உரிய 12.6 வோல்ட்டைக் காட்டுகிறது, ஆகவே பேட்டரியும் கேபிளும் சரி என்று முடிவு கட்டுவது, எல்லாத் தவறுகளிலும் அதிக நேரத்தை விழுங்குவது. மீட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிகச் சொற்பம் என்பதால், உள்ளே ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சியிருக்கும் கேபிளின் மறுமுனையிலும் அது முழு வோல்ட்டேஜைக் காட்டிவிடும். மின்தடையைக் காட்டும் ஓம்ஸ் அளவில் வைத்துப் பார்த்தாலும் பூஜ்யத்தை ஒட்டிய எண்தான் வரும். நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஸ்டார்ட்டரை இயக்கும்போதுதான் அந்தக் கேபிளின் உண்மை நிலை வெளிப்படும். எனவே இணைப்புகளை அளக்கும்போது சுமை கொடுத்தபடியே, அதாவது அவற்றின் வழியே மின்னோட்டம் பாயும்போதே அளக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்ட நிலையில், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மேலும், மறு முனையை அதைப் பற்றியிருக்கும் கிளாம்பின் மேலும் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டியே இருப்பதால் கிட்டத்தட்ட எதுவும் காட்டக் கூடாது. அங்கேயே சில வோல்ட் காட்டினால், வெளியே பளபளவென்று தெரியும் அந்தக் கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவே கறுப்பாகப் படிந்திருக்கும் ஆக்சைடுதான் காரணம். அதேபோல, மற்றொருவர் ஸ்டார்ட்டரை இயக்கும்போது, நெகட்டிவ் தண்டுக்கும் எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகத்துக்கும் இடையே 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் பாதை கெட்டிருக்கிறது. அந்த நேரத்தில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் அதை முழுமையாகச் சார்ஜ் செய்து பார்ப்பதே முறை. என் கருத்தில், பழைய காருக்கு விலை உயர்ந்த மீட்டரைவிட 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் இணைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப் அதிகம் உதவும். அது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுப்பதால், பாதி அறுந்த வயரில் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டையைப் பலர் பார்ப்பதே இல்லை. அது துருப்பிடித்து அறுந்தால், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் திரும்பி வர வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் பாயும். எந்தக் காரணமும் இல்லாமல் அந்தக் கேபிள் சுடுகிறது என்றால் இந்தப் பட்டையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரியதைப் போடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் ஆபத்து என்பது அநேகமாக எல்லோருக்கும் தெரியும்; அப்போது ஃபியூஸுக்குப் பதிலாக வயர்தான் உருகும். கண்ணால் பார்த்தே ஃபியூஸ் நல்லது என்று சொல்லிவிடுவதுதான் அதிகம் பேசப்படாத தவறு. பழைய பெட்டிகளில் ஃபியூஸ் முழுதாக இருந்தும், அதைப் பிடிக்கும் கிளிப் பச்சை படிந்து தொடர்பை இழந்திருக்கும். பேட்டரிக்கு அருகே ஃபியூசிபிள் லிங்க் (ஃபியூஸ்போல உருகும் வயர்த் துண்டு) உள்ள கார்களில், மேலுறை அப்படியே இருக்க உள்ளே கம்பி உருகியிருக்கலாம். மெதுவாக இழுத்தால் ரப்பர்போல நீளும்.

எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். சுமை திடீரென்று விலகும்போது வோல்ட்டேஜ் பல மடங்கு எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் சுட்டுவிடும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தாலே போதும்; 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சரி. சாவியைப் போட்டதும் சார்ஜ் விளக்கு எரியாவிட்டால் அதையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பல பழைய ஆல்டர்னேட்டர்களுக்குத் தொடக்க மின்னோட்டம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் சார்ஜும் நின்றுவிடலாம்.

நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குகிறதென்றால், கசியும் மின்னோட்டத்தை அளக்க, பேட்டரி முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே ஆம்மீட்டரைத் தொடராக இணைப்பார்கள். அந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃபியூஸ்தான் போகும். டிக்கி விளக்கும் கதவு விளக்கும் அணைந்திருக்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அரை ஆம்பியர் கசிந்தாலே நாளொன்றுக்கு 12 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாள் தாங்காது.

பேட்டரியைக் கழற்றும்போது பாடியோடு இணைந்த முனையை முதலில் எடுத்து, கடைசியில் மாட்ட வேண்டும். இது பெரும்பாலும் நெகட்டிவ்தான். மிகப் பழைய கார்கள் சிலவற்றில் பாசிட்டிவாக இருக்கும் என்பதால் பார்த்துவிட்டே ஸ்பேனரை வைக்கவும்.

விட்டுவிட்டு வரும் கோளாறில், அளக்கும் முன்பே வயர்களை ஆட்டிப் பார்ப்பது பெரிய இழப்பு. கை பட்டதும் தொடர்பு வந்து விளக்குகள் எரிந்துவிடும், கோளாறு எங்கே என்பது தெரியாமலே போய்விடும். கோளாறு நீடித்து மின்சாரம் வராத நிலையிலேயே பேட்டரியிலிருந்து ஒவ்வோர் இணைப்பாக டெஸ்ட் லேம்பை வைத்து, எரியும் கடைசி இடத்தையும் எரியாத முதல் இடத்தையும் குறித்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதியை மட்டும் கழற்றிப் பாருங்கள்.